ஆட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம்: சிகாகோவில் விளையாட்டுக்காகத் திரட்டிய பணம் வன்முறையைத் தடுத்ததா?

இளைஞர்கள் கத்தியும் துப்பாக்கியும் எடுக்காமல் இருக்க ஒரு விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம், நன்கொடை தாருங்கள் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மேயர் வந்து பந்தைத் தூக்கிப் போடுவார். வியாபாரிகள் ஜெர்சிக்குப் பணம் தருவார்கள். படமும் நன்றாக வரும். அந்தப் பணம் ஒரே ஒரு அடிதடியையாவது தடுத்ததா என்று கேட்கும்போதுதான் மேடையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு ஓரளவு நேர்மையான பதில் கிடைக்கிற ஊர் சிகாகோ. 1989 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அங்கே மூன்று விதமான பணம் இதே நோக்கத்துக்காக வந்தது. முதலில் அரசுக் குடியிருப்புகளை நடத்தும் ஆணையத்தின் பணம், அடுத்து ஒலிம்பிக் ஆசையில் தொடங்கிய ஓர் அமைப்பின் பணம், பிறகு கூடைப்பந்து நட்சத்திரங்களின் பெயரும் பணமும். நடுவில் ஒரு பல்கலைக்கழகக் குழு வந்து, பையன்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, விளைவை எண்ணியும் பார்த்தது. இப்படி எண்ணிப் பார்க்கும் துணிச்சல் விளையாட்டு அறப்பணிகளில் அபூர்வம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து பையன்களைக் கூட்டி வரும், நன்கொடையாளரையும் கூட்டி வரும். ஓங்கிய கையை இறக்க வைப்பது வேறு ஒன்று. அதற்கு மாதச் சம்பளம் ஆகும், அதைப் படம் பிடிக்கவும் முடியாது. அதனால்தான் அதற்கு மட்டும் எப்போதும் பணம் பற்றாமல் போகிறது.

இரவு பத்து மணிக்கு மேல்

கதை சிகாகோவில் தொடங்கவில்லை. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தில் கிளெனார்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் நிர்வாகியாக இருந்தவர் ஜி. வான் ஸ்டாண்டிஃபர். ஊரில் நடக்கும் குற்றங்களில் பெரும்பகுதி இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் நடப்பதாக அவர் கணித்தார். அந்த நேரத்தில் இளைஞர்கள் போக ஓர் இடமும் திறந்திருக்கவில்லை. 1986-இல் அவர் தொடங்கிய நள்ளிரவுக் கூடைப்பந்து லீகுக்கு மூன்றே நிபந்தனைகள்தான். ஆடுபவர்கள் 17 முதல் 21 வயதுக்குட்பட்ட ஆண்கள். எந்த ஆட்டமும் இரவு பத்துக்கு முன் தொடங்கக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சீருடை அணிந்த இரண்டு போலீசார் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும்.

இதன் கவர்ச்சியே எளிமைதான். இருக்கிற ஜிம், இருக்கிற விளக்கு, சில பந்துகள். செலவு குறைவு, பெயர் பெரிது. குற்றம் 30 சதவீதம் குறைந்தது என்ற பேச்சு சீக்கிரமே பரவியது. எந்தக் குற்றம், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, பக்கத்து ஊர்களில் என்ன ஆனது என்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. 1991-இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் நேரில் வந்து இந்த லீகைப் பாராட்டினார். தன்னார்வத் தொண்டுக்கு முன்மாதிரிகள் என்று அவர் அறிவித்து வந்த வரிசையில் இதுவும் இடம்பெற்றது. அதாவது, அன்று இது குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் பிடித்த திட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிகாகோவுக்கு இது 1989-இல் வந்தது. நகரின் வீட்டுவசதி ஆணையம் தன் இரண்டு குடியிருப்புகளில், ஹென்றி ஹார்னரிலும் ராக்வெல் கார்டன்ஸிலும், லீகைத் தொடங்கியது. கில் வாக்கர் அதை முன்னின்று நடத்தினார். ஹென்றி ஹார்னர் குடியிருப்பிலிருந்து சிகாகோ புல்ஸ் அணி ஆடிய அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். மைக்கேல் ஜோர்டன் ஆடிய கூடம் கண்ணெதிரே, அதற்கு டிக்கெட் வாங்க முடியாத பையன்கள் இந்தப் பக்கம். அதனால் லீகை ஏனோதானோ என்று நடத்தவில்லை. நல்ல சீருடை, பரிசளிப்பு விழா என்று தொழில்முறை ஆட்டத்தின் பளபளப்போடு நடத்தினார்கள். பணத்தை வீணடிக்கிறார்கள் என்று இதைப் பார்த்து முணுமுணுக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதினெட்டு வயது இளைஞனுக்கு, தன்னை யாரோ மதித்துச் செலவு செய்கிறார்கள் என்பதே உள்ளே வருவதற்குக் காரணமாகிறது.

ஆனால் சிகாகோ லீகின் உயிர்நாடி வேறொரு விதி. ஆட்டத்தோடு ஒரு பயிலரங்கும் உண்டு. வேலை தேடுவது, விட்ட படிப்பை முடிப்பது, போதைப்பொருள் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். பயிலரங்குக்கு வராதவனுக்கு ஆட்டம் கிடையாது. மேரிலாந்து யோசனை இளைஞர்களைத் தெருவிலிருந்து சில மணி நேரம் அப்புறப்படுத்தியது. சிகாகோ அந்த நேரத்தில் அவர்களிடம் பேசவும் முயன்றது. மற்ற நகரங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கியபோது பல இடங்களில் பந்து மட்டும் போய்ச் சேர்ந்தது, பேச்சு போய்ச் சேரவில்லை.

பெயரால் வந்தது, பெயராலேயே போனது

1994-இல் கிளிண்டன் அரசின் குற்றத் தடுப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. மொத்த மதிப்பு சுமார் 3,300 கோடி டாலர். அதில் நள்ளிரவு விளையாட்டுகளுக்கென்று கேட்டது 4 கோடி டாலர், அதாவது ஆயிரம் டாலரில் ஒரு டாலரும் சில்லறையும். புதிய போலீசாருக்கும் சிறைகளுக்கும் போகும் பணத்தின் பக்கத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் விவாதத்தில் இது பெரிதாக அடிபட்டது. குற்றவாளிகளுக்குப் பந்து விளையாட அரசுப் பணமா என்று குடியரசுக் கட்சித் தரப்பினர் வானொலியிலும் அவையிலும் கிண்டல் செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் அதிபரே பாராட்டிய திட்டம் அது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஆகஸ்ட் 11 அன்று மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் நடைமுறை வாக்கெடுப்பே 225-க்கு 210 என்று தோற்றது. பிறகு சுமார் 300 கோடி டாலரை வெட்டி, சமரசம் பேசி நிறைவேற்றினார்கள். செப்டம்பர் 13 அன்று அது சட்டமானது. வெட்டுப்பட்டதில் தடுப்புத் திட்டங்களின் பங்கு பெரிது.

கூடைப்பந்து என்ற சொல்லுக்குப் பின்னால் கறுப்பின இளைஞன் என்ற படம் எல்லோர் மனத்திலும் ஓடியது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நன்கொடை கேட்கும்போது எந்தப் படம் கைகொடுத்ததோ, அதே படம்தான் எதிர்ப்பவர்களுக்கும் ஆயுதமானது. விளையாட்டை முன்னால் நிறுத்திப் பணம் கேட்பவர்கள் ஏற்கிற இடர் இது. பயிலரங்கு, வேலைவாய்ப்பு, மூத்தவர்களின் துணை என்று விளக்கிச் சொல்லியிருந்தால் பணம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. வராமல் போயிருக்கவும் கூடும்.

இத்தனை சண்டைக்குப் பிறகு, இந்த லீகுகளால் ஏதாவது பயன் இருந்ததா? மினசோட்டா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹார்ட்மனும் புரூக்ஸ் டெப்ரோவும் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1990-க்கும் 1994-க்கும் இடையில் நள்ளிரவுக் கூடைப்பந்தைத் தொடங்கிய நகரங்களை மற்ற நகரங்களோடு ஒப்பிட்டார்கள். தொடங்கிய நகரங்களில் திருட்டு போன்ற சொத்துக் குற்றங்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன. வன்முறைக் குற்றங்களில் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஒரு நகரத்தில் லீகில் ஆடியவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். அவர்களால் மட்டும் நகரம் முழுவதற்குமான குற்ற எண் இறங்காது என்பது ஆய்வாளர்களுக்கும் தெரியும். லீக் பற்றிய நல்ல செய்திகளும், போலீசாருக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட பழக்கமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆக, வன்முறையைத் தடுக்கிறோம் என்று சொல்லித் திரட்டிய பணத்தின் விளைவு, தெரிந்தவரை, வேறு இடத்தில் தெரிந்தது.

தோற்றுப்போன ஒலிம்பிக்கின் மிச்சம்

2009 செப்டம்பர் 24 அன்று சிகாகோவின் தெற்குப் பகுதியில் பள்ளி விட்டு வந்த 16 வயது மாணவன் ஒருவன், இரண்டு கும்பல்களின் சண்டைக்கு நடுவில் சிக்கி அடித்துக் கொல்லப்பட்டான். கைப்பேசியில் பிடித்த காட்சி உலகம் முழுவதும் ஓடியது. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 2 அன்று, கோபன்ஹேகனில் 2016 ஒலிம்பிக் எந்த நகரத்துக்கு என்ற வாக்கெடுப்பு நடந்தது. அதிபர் ஒபாமா நேரில் போய்க் கேட்டும் சிகாகோ முதல் சுற்றிலேயே 18 வாக்குகளோடு வெளியேறியது.

அந்த ஒலிம்பிக் முயற்சியின் கிளையாகத் தொடங்கியதுதான் வேர்ல்ட் ஸ்போர்ட் சிகாகோ. நகரப் பிள்ளைகளுக்கு ஒலிம்பிக் விளையாட்டுகளைக் கொண்டுபோவது அதன் வேலை. போட்டி கை நழுவிய பிறகும் அமைப்பைக் கலைத்துவிடவில்லை. அந்தக் கல்வியாண்டில்தான் அது யூத் கைடன்ஸ் என்ற பழைய தொண்டு நிறுவனத்தோடு கைகோத்து, தெற்கு, மேற்குப் பகுதிகளின் 18 அரசுப் பள்ளிகளுக்குள் போனது. யூத் கைடன்ஸிடம் ஒரு வகுப்பு இருந்தது. டோனி டிவிட்டோரியோ 2001 முதல் நடத்தி வந்த அந்த வகுப்பின் பெயருக்கு ‘ஆண்மகனாக வளர்வது’ என்று பொருள். வாரம் ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 27 அமர்வுகள், ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் கிடையாது. பள்ளி நேரத்திலேயே நடக்கும். ஒரு பாடத்திலிருந்து தப்பிக்கலாம் என்பதற்காகவே வந்து சேர்ந்த பையன்களும் உண்டு. அதில் குறை காண எதுவுமில்லை. பள்ளி முடிந்த பிறகு வேர்ல்ட் ஸ்போர்ட் சிகாகோவின் பயிற்சியாளர்கள் வில்வித்தை, மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல், ஹேண்ட்பால் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே ஆடும் கூடைப்பந்து அந்தப் பட்டியலில் முன்னால் நிற்காததைக் கவனிக்க வேண்டும். எல்லோருமே புதிதாகக் கற்கும்போது தெருவில் பெரிய ஆளாக இருப்பவனும் மைதானத்தில் கத்துக்குட்டிதான்.

அந்த வகுப்பில் முதலில் செய்ய வைக்கும் பயிற்சி பிரபலம். பையன்களை இரண்டிரண்டு பேராக நிறுத்துவார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவனிடம், முப்பது விநாடிக்குள் அந்தப் பந்தை வாங்கு என்பார்கள். உடனே அமளி தொடங்கும். விரலைப் பிரிப்பான், கையை முறுக்குவான், தரையில் உருள்வான். நேரம் முடிந்ததும் ஆலோசகர் ஒன்றே ஒன்று கேட்பார்: “பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?” யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் கொடுத்திருப்பாயா என்று பந்து வைத்திருந்தவனைக் கேட்பார். சாதாரணப் பந்துதானே, கொடுத்திருப்பேன் என்பான். அறிவுரை எதுவும் இல்லை, கேள்வி மட்டும்தான். எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று நாம் தானாக முடிவுகட்டிவிடுகிறோம், அந்த முடிவு தவறாக இருக்கலாம் என்பதைப் பையன் தன் கையாலேயே கண்டுகொள்கிறான். தெருவில் எதிர்த்து நின்றே ஆக வேண்டிய இடங்கள் உண்டு என்பதையும் அந்த வகுப்பு மறுப்பதில்லை. யோசிக்க ஒரு கணம் எடுத்துக்கொள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வகம் 2,740 பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலருக்கு இடம், சிலருக்கு இல்லை. இடம் கிடைத்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேரே வந்தார்கள், வந்தவர்களும் சராசரியாக 13 அமர்வுகளில்தான் உட்கார்ந்தார்கள். இவ்வளவு குறைவான மருந்துக்குக் கிடைத்த பலன் ஆய்வாளர்களையே ஆச்சரியப்படுத்தியது. 2017-இல் வெளிவந்த கட்டுரை இந்த ஆய்வையும், பின்னர் 2013 முதல் 2015 வரை நடந்த இரண்டாம் ஆய்வையும் சேர்த்துப் பேசுகிறது. திட்டம் நடந்த காலத்தில் மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம் குறைந்தன. வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. முதல் ஆய்வின் பையன்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் கூடியது.

விளையாட்டுப் பணம் வெற்றி என்று இங்கே கொடி ஏற்றிவிடலாம். ஆனால் இரண்டாம் ஆய்வில் மாலை நேர விளையாட்டு கிடையாது, வகுப்பு மட்டும்தான். விளைவோ ஏறக்குறைய அதேதான். முதல் ஆய்வில் எது எவ்வளவு வேலை செய்தது என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், மல்யுத்தம் இல்லாமலும் கை அடங்கும் என்பது தெரிந்துவிட்டது. கைது குறைந்ததும் திட்டம் நடந்தவரைதான். ஆண்டு முடிந்து ஆலோசகர் போன பிறகு அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. திட்டத்தைப் பல பள்ளிகளுக்கு விரித்த பிறகு அதே ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தபோது, முன்பு கண்ட பெரிய குறைவு கிடைக்கவில்லை. நல்ல எண்கள் வந்த பிறகும் அளப்பதை நிறுத்தாத அவர்களின் நேர்மைக்கு என் மரியாதை. நிதி திரட்டும் மேடைகளில் இந்தக் கடைசிப் பத்தி வாசிக்கப்படுவதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

முதல் ஆய்வில் ஒரு பையனுக்கு ஆன செலவு சுமார் 1,100 டாலர். 15 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஓராண்டுக்கு 16,500 டாலர். ஒரு டோர்னமென்ட் நடத்தி, அரங்க வாடகை, நடுவர், காப்பீடு, பாதுகாப்பு எல்லாம் போக 10,000 டாலர் கையில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்பது பையன்களுக்கு ஓராண்டு. சமூக அளவில் நடக்கும் ஒரு போட்டிக்கு இது சின்ன சாதனை இல்லை. ஆனால் வசூலான தொகையை மேடையில் அறிவித்துவிட்டு, செலவு போக நின்றதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். ஒன்பது பேர் என்ற எண்ணை விழா அழைப்பிதழில் யாரும் அச்சடிப்பதும் இல்லை. இந்த நகரத்தின் இளைஞர்களைக் காப்போம் என்றுதான் அச்சடிப்பார்கள்.

நன்கொடையின் குணம் இங்கே இடிக்கிறது. ஜெர்சிக்கு ஸ்பான்சர் கிடைப்பார், கோப்பைக்குக் கிடைப்பார், புதுத் தரை போடக்கூடக் கிடைப்பார். பெயரைப் பொறிக்க அங்கெல்லாம் இடம் இருக்கிறது. ஆலோசகரின் சம்பளத்தில் எந்தச் சின்னத்தைப் பொறிப்பது? இந்தப் பணம் உபகரணங்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு வரும் நன்கொடையை மறுக்கும் தைரியம் சிறு அமைப்புகளுக்கு இருப்பதில்லை. கிடங்கில் பந்து சேரும், ஆளில்லாமல் மாலை வகுப்பு நிற்கும். என்னைக் கேட்டால், ஜெர்சிக்கு ஸ்பான்சர் தேடுகிற அதே அக்கறையோடு ஒரு குழுவுக்கு ஓராண்டு என்று ஸ்பான்சர் தேட வேண்டும். தொகை 16,500, காலம் ஓராண்டு, வருபவர்கள் 15 பேர், இத்தனை அமர்வுகள் என்று எழுதிக் கேட்கலாம். தருபவர்கள் குறைவாக இருப்பார்கள், தந்தவர்கள் மறு ஆண்டும் தருவார்கள் என்பது என் ஊகம்.

அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிப் போட்டி நடத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணம் கட்டி, பொருத்தமான சீருடையோடு வந்து சேர்கிற அணிகள் பெரும்பாலும் வேலையும் குடும்பமும் உள்ளவர்களின் அணிகள். யாருக்காகப் பணம் திரட்டுகிறோமோ அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். வசூலுக்கான ஆட்டம் வேறு, பையன்களுக்கான ஆட்டம் வேறு என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் சாதிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

செயின்ட் சபீனா, 2012

சிகாகோவின் ஆபர்ன் கிரெஷம் பகுதியில் செயின்ட் சபீனா தேவாலயம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் அதன் பாதிரியார் மைக்கேல் ஃப்ளேகரும், அந்நகரத்தில் பிறந்து வளர்ந்த கூடைப்பந்து வீரர் ஐசையா தாமஸும் சேர்ந்து ஒரு சமாதானப் போட்டி நடத்தினார்கள். ஆடியவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள். டெரிக் ரோஸ், ஜோகிம் நோவா போன்ற புல்ஸ் வீரர்கள் வந்து உடன் நின்றார்கள். அன்றைய செய்திகளில் நட்சத்திரங்களின் படம்தான் இருந்தது. நோவாவின் அறக்கட்டளை பின்னர் துளி வடிவக் கழுத்தணி விற்று வன்முறைக்கு எதிரான பணிக்கு ஆதரவு திரட்டியது.

எனக்கு முக்கியமாகப் படுவது போட்டிக்குப் பிறகு நடந்தது. ஒருநாள் ஆட்டத்தோடு விட்டுவிடாமல், திங்கள் இரவுகளில் 12 வார லீகாக அதைத் தொடர்ந்தார்கள். ஆட்டத்தோடு படிப்பும் வேலைப் பயிற்சியும் சேர்ந்தன. 1989-இல் ஹென்றி ஹார்னரில் போட்ட அதே விதிதான் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு நாள் வந்தால் போதும், பணமும் கூட்டமும் சேர்ந்துவிடும். திங்கள் இரவு கதவைத் திறக்க, விளக்கைப் போட, வராத பையனின் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒருவர் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு ஆளைப் பிடிக்கிறவர்கள், பதின்மூன்றாவது வாரத்துச் சம்பளத்தை யார் கட்டுவார்கள் என்று போட்டி அறிவிக்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிவிடலாம். நட்சத்திரம் மேடையில் இருக்கும்போது கேட்டால் கிடைக்கிற கையெழுத்து, மறு வாரம் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.